புனித தெக்லாவின் பன்னிரண்டு கற்கள்

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய வாரம் நக்ஸோஸ் தீவின் மலையூர்களில் எதுவும் அதிக நேரம் சும்மா நிற்கக் கூடாது. நின்றால் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். சுவர், படி, எலுமிச்சை மரத்தின் அடிப்பாகம், துளசி வைத்த எண்ணெய் டின், தெருவில் பதித்த கற்களின் இடுக்கு, எதுவும் தப்பாது. ஒரு வருஷம் படியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்த தபால்காரர் எழுந்து பார்த்தபோது அவருடைய ஷூவின் முனை வெள்ளையாக இருந்தது. கேட்டதற்கு, "உங்களை யாரு அங்க தூங்கச் சொன்னது?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

இப்பேர்ப்பட்ட ஊரில் பதினோரு வருஷம் சுண்ணாம்புக்குத் தப்பிப் பிழைத்தவை பன்னிரண்டு பளிங்குக் கற்கள். புனித தெக்லா சிற்றாலயத்தின் குட்டைச் சுவர்மேல் வரிசையாக இருந்தன. ரொட்டி அளவுதான் இருக்கும் ஒவ்வொன்றும். ஏதென்ஸ் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்த அரிஸ்தேயா என்ற பெண் பன்னிரண்டு வருஷச் சோதனை ஒன்றுக்காக அவற்றை வைத்துவிட்டுப் போயிருந்தாள். வைத்தபோது பால்போல இருந்தவை, வருஷம் போகப் போகக் கரும்புள்ளி கண்டு, வாழைப்பழத் தோலைப் போலக் கறுத்துவிட்டன.

காவல் அனெசினாவிடம். சிற்றாலயத்தின் சாவி அவளிடம்தான் இருந்தது. ஆகவே கல்லும் அவள் பொறுப்பு. முதல் வருஷம், "இது என்ன அழுக்கு, ஒரு துடை துடைச்சிடட்டுமா?" என்று அவள் கேட்டபோது அரிஸ்தேயா பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, அழுக்கு இல்ல. ஒவ்வொரு புள்ளியும் உசுரு. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைங்க கூட்டமா குடியிருக்கு. வெயிலு, உப்புக்காத்து, ஆறு மாசம் சொட்டு மழை இல்லாதது, எதுக்கும் அசராது. பளிங்கு மணிங்களுக்கு நடுவுல நுழைஞ்சுக்கும். ஈரம் பட்டா ஊதும், காஞ்சா சுருங்கும். கூட இருக்கிற வேற சிலதுங்க புளிப்பா ஒண்ணைக் கக்கும். கொஞ்சம் கொஞ்சமா மணிங்க கழண்டுக்கும்."

சொல்லிவிட்டு, ஆலயப் படியின் பழைய கல்லை நகத்தால் சுரண்டிக் காட்டினாள். சர்க்கரையைப் போலப் பொலபொலவென்று உதிர்ந்தது.

"அப்போ எங்க வயக்காட்டு மண்ணெல்லாம்?"

"வெறும் பாறையா இருந்தப்ப முதல்ல வேலைக்கு வந்தவங்க இவங்கதான் அக்கா. புல்லு, பூண்டு எல்லாம் அப்புறம்தான்."

அனெசினாவுக்கு அது பிடித்துப்போனது. தான் தின்னும் உருளைக்கிழங்கு இந்தக் கரும்புள்ளிகள் போட்ட பிச்சை என்று யார் நினைத்திருப்பார்கள்? அன்றிலிருந்து அவற்றுக்குக் 'குடித்தனக்காரங்க' என்று பெயர் வைத்துவிட்டாள். ஆடு ஏறினால் விரட்டினாள், பிள்ளைகள் பந்து விளையாடினால் விரட்டினாள். செப்டம்பர்தோறும் அரிஸ்தேயா வந்து படமெடுத்துவிட்டு, "உங்களை மாதிரி ஒரு ஆள் எனக்கு எங்கயும் கிடைக்க மாட்டாங்க அக்கா" என்று சொல்லிப் போவாள். அந்த ஒரு வார்த்தை அனெசினாவுக்கு அடுத்த செப்டம்பர் வரைக்கும் தாங்கும்.

பன்னிரண்டாவது வருஷம் சோதனை முடிகிறது. உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாளே கப்பலில் வந்து கற்களை எடுத்துக்கொள்வதாக அரிஸ்தேயா சொல்லியிருந்தாள்.

அந்தப் பெரிய வியாழன் காலை அனெசினாவுக்கு இரண்டு கை போதவில்லை. ஒரு அடுப்பில் முட்டைக்குச் சிவப்புச் சாயம் கொதிக்கிறது, மேஜையில் ரொட்டி மாவு பொங்கி நிற்கிறது, முழங்கால் வேறு உயிரை வாங்குகிறது. வந்து நின்றாள் நாத்தனார் மொஸ்கூலா. அவள் மகன் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணின் வீட்டார் ஏதென்ஸிலிருந்து பெருநாளுக்கு வருகிறார்கள். ஊரே பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரே பரபரப்பு.

"சாவியக் குடு அண்ணி. சுண்ணாம்ப நான் பாத்துக்கிறேன். உன் முட்டியை வெச்சுக்கிட்டு நீ போயி சேர்றதுக்குள்ள ஆண்டவரே உயிர்த்துடுவாரு."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. போன வருஷம் மணிக்கம்பத்த அப்படியே விட்டுட்டு வந்தியே, அந்த லட்சணத்துல செய்யாத. ஒரு கல்லு விடாம அடி!"

எப்போதும் இந்த வாக்கியத்துக்கு ஒரு வால் உண்டு: அந்தப் பன்னிரண்டைத் தவிர. அன்று சரியாக அந்த நொடியில் சாயம் பொங்கி அடுப்பில் வழிந்தது. அனெசினா கரித்துணிக்கு ஓடினாள். வால் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

பெரிய வெள்ளியன்று பூக்கூடையுடன் ஆலயத்துக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவர் வெள்ளை. படி வெள்ளை. மணிக்கம்பம் வெள்ளை. சுவர்மேல் பன்னிரண்டு கற்களும், அடிப்பாகம் தவிர எல்லாப் பக்கமும், இரண்டு கை பூசிய கெட்டி வெள்ளை. மொஸ்கூலா வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு வேலையை ஒழுங்காகச் செய்திருந்தாள்.

அனெசினா வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெரிய வெள்ளிக்கு வழக்கமான வேகவைத்த பருப்பும், அதன்மேல் ஊற்ற வினிகர் புட்டியும் மேஜைமேல் இருந்தன. புட்டியைப் பார்த்ததும் ஒரு யோசனை. சுண்ணாம்புக் கறைக்கு வினிகர்தானே மருந்து? முழங்காலை மறந்து திரும்ப ஓடினாள். ஓரத்துக் கல்லின்மேல் கால் புட்டி ஊற்றினாள். கல் நுரைத்தது. வெள்ளை கரைந்தது, சந்தோஷப்பட்டாள். கூடவே கருப்பும் கழன்று வழிந்தது. அப்புறமும் நுரைத்துக்கொண்டே இருந்தது.

பின்னாலிருந்து ஒரு கை புட்டியைப் பிடுங்கியது. அவள் புருஷன் யாகூமிஸ். முப்பது வருஷம் பளிங்குக் குவாரியில் இருந்தவன்.

"பைத்தியமா உனக்கு? சுண்ணாம்பும் பளிங்கும் ஒரே ஜாதி. அதைத் தின்னுறது இதையும் தின்னும். உன் குடித்தனக்காரங்க நூறு வருஷம் செய்யுற வேலைய நீ அரை நிமிஷத்துல முடிச்சுட்ட!"

அனெசினா தரையில் உட்கார்ந்து அழுதாள். அதற்குள் விஷயம் காதில் விழுந்து மொஸ்கூலாவும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"எதுக்குடி இதுக்குப் போயி அடிச்ச? பதினோரு வருஷமா உன் கண்ணு என்ன பொட்டையா?" என்று பாய்ந்தாள் அனெசினா.

"அண்ணி, நீதானே…"

"நான் என்ன? நான் ஒண்ணும் சொல்லலையே!"

சொன்ன மாத்திரத்தில் அனெசினாவுக்கு நாக்கு சுட்டது. மொஸ்கூலா வாயைத் திறந்தாள். அண்ணனைப் பார்த்தாள், அழுது வீங்கிய அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"ஆமா. என் தப்புதான்," என்றாள் கடைசியில். பிறகு குரலைத் தாழ்த்தி, "கீழ சரிவுல இதே மாதிரி கருப்புக் கல்லு ஆயிரம் கிடக்கு. பன்னெண்டு பொறுக்கிட்டு வந்து வெச்சிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"பெரிய வெள்ளி அன்னிக்கு வாயக் கழுவு!" என்று சீறினாள் அனெசினா. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இன்னொரு பொய்க்கு அறச்சீற்றம் கொள்வது எளிதாகத்தான் இருந்தது.

அரிஸ்தேயாவுக்கு அன்றே போன் செய்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் வருஷத்துக்கு ஒருமுறைதான் அம்மா வீட்டுக்குப் போகிறாள். ஆட்டுக்கறியாவது நிம்மதியாகத் தின்னட்டும் என்று அனெசினா விட்டுவிட்டாள். அவளுக்கு மட்டும் அந்தப் பெருநாளில் ஒரு வாய் இறங்கவில்லை. சிவப்பு முட்டையை மோதி உடைக்கும் விளையாட்டில் வருஷாவருஷம் ஜெயிப்பவள், அந்த வருஷம் ஏழு வயதுப் பிள்ளையிடம் தோற்றாள்.

திங்களன்று துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கிய அரிஸ்தேயாவின் பெட்டியை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சாச்சு கண்ணு. மொஸ்கூலா… தெரியாம அடிச்சுட்டா. ஒண்ணை நான் வினிகர் ஊத்திக் கெடுத்துட்டேன்."

யாகூமிஸின் வண்டி மலையேறும் வரைக்கும் அரிஸ்தேயாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஆலயத்தில் கற்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள், பிறகு புதுச் சுண்ணாம்புச் சுவர்மேலேயே உட்கார்ந்தாள். கருப்புப் பேன்ட்டின் பின்புறம் முழுக்க வெள்ளை அப்பிக்கொண்டது. கண் கலங்கியிருந்தது. ஒரு பேச்சு பேசியிருந்தாலாவது அனெசினா தாங்கியிருப்பாள்.

அரிஸ்தேயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாகூமிஸ் அண்ணா, ஒரு கல்லைப் பிளந்து தர முடியுமா?" என்றாள்.

யாகூமிஸ் உளியை வைத்து ஒரே அடி. கல் ரொட்டி பிட்டதைப் போல இரண்டாகப் பிரிந்தது. அரிஸ்தேயா பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். வெள்ளைப் பூச்சுக்குக் கீழே, நகத்தின் கனத்துக்கு உள்ளே, பென்சிலால் கிறுக்கினாற்போலக் கருங்கோடுகள். மணிகளுக்கு நடுவே இடுக்கு பார்த்து இறங்கியிருந்தன.

"உள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டிருக்கு," என்றாள். "உசுரோட இருக்கான்னு இப்ப சொல்ல முடியாது. ஊருக்கு எடுத்துட்டுப் போயி, தீனி போட்டு வளர்த்துப் பாக்கணும். ரொம்ப மெதுவா வளருற சாதி. ஒரு மாசம் ஆகும்."

அந்த ஒரு மாசம் அனெசினா தினமும் புனித தெக்லாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். பார்த்துக்கொண்டே இருந்த பாதிரியார் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"வீட்டுல யாருக்காவது உடம்புக்கு முடியலையா?"

"ஆமா சாமி. ஆஸ்பத்திரியில கிடக்காங்க."

"அடடா. எத்தனை பேரு?"

"பதினோரு பேரு, சாமி."

மொஸ்கூலாவின் பாடுதான் திண்டாட்டமாக இருந்தது. காப்பிக்கடைப் பக்கம் போனால், "மொஸ்கூலா, என் வழுக்கைக்கும் ஒரு கை அடிச்சு விடேன்" என்று தலையை நீட்டினார்கள். கழுதையை ஓட்டிப் போகிறவன், "சீக்கிரம் நட, மொஸ்கூலா வர்றா" என்று கழுதையிடம் சொன்னான். அவளும் சளைக்காமல் திருப்பிக் கொடுத்தாள், ஆனால் உண்மையை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. விருந்தில் சம்பந்தி வீட்டார்முன் ஒரு கிழவன் அதே கேலியைச் செய்தபோதுகூடச் சிரித்து மழுப்பினாள். அதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அனெசினா, சோறு கிண்டுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். தான் இவ்வளவு கோழை என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

போன் வந்தது மே மாதக் கடைசியில், மூவரும் பின்கட்டில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில். யாகூமிஸ் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தான்.

"அக்கா! பொழைச்சுக்கிச்சு! பதினொண்ணுல பத்து! கருகருன்னு குட்டிக் குட்டி உருண்டையா வளர்ந்திருக்கு. சுண்ணாம்பு மேல் தோலைத்தான் கொன்னிருக்கு. உள்ள ஒண்ணும் பண்ண முடியல."

அனெசினாவின் மடியிலிருந்த பட்டாணியெல்லாம் தரையில் உருண்டது. எழுந்து யாகூமிஸின் வழுக்கைத் தலையில் முத்தம் கொடுத்தாள். அவன் திருமணத்துக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் வாங்கிய முதல் முத்தம் அது.

"இன்னும் கேளுங்க," என்றது போன். "தீவு முழுக்க வருஷாவருஷம் பளிங்குமேல சுண்ணாம்பு அடிக்கிறோம். அடியில இவங்க என்ன ஆகுறாங்கன்னு நாங்க யாரும் ஒழுங்கா பாத்ததே இல்ல. இப்ப எங்க கூடத்துல எல்லாருக்கும் அதே பேச்சுதான். புதுசா பன்னெண்டு கல்லு அனுப்புறேன். ஆறுக்கு வருஷாவருஷம் சுண்ணாம்பு, ஆறைத் தொடக் கூடாது. உங்க பொறுப்புலதான் வெக்கப்போறேன் அக்கா, உங்களை நம்பித்தான். ஒரே ஒரு வேண்டுகோள், தப்பா நினைக்காதீங்க. மொஸ்கூலாக்காவ மட்டும் பக்கத்துல விட்டுடாதீங்க."

மொஸ்கூலா பட்டாணியைப் பொறுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. அவள் காது மட்டும் சிவந்தது.

அனெசினா நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினோரு செப்டம்பர்கள் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தை மறுபடியும் வந்துவிட்டது. சும்மா 'சரி' என்றால் போதும். அவள் கண்முன் மொஸ்கூலாவின் குனிந்த பிடரி தெரிந்தது.

"அரிஸ்தேயா, கண்ணு," என்றாள். "ஒரு கல்லு விடாம அடின்னு அவகிட்ட சொன்னது நான். என் வாயால. அப்புறம் சொல்லவே இல்லைன்னு சாதிச்சுட்டேன். அவ ஒரு மாசமா எனக்காக ஊரு வாயில விழுந்துட்டு இருக்கா."

யாகூமிஸ் மனைவியைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், பட்டாணி உரிப்பதில் மும்முரமானான்.

"மொஸ்கூலாக்கா அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றது போன்.

"சொல்லல. இன்னிவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

"சரி," என்றாள் அரிஸ்தேயா. குரலில் கோபம் இல்லை. ஆனால் யோசித்துத்தான் பேசினாள். "அப்போ கல்லை அவங்க பேருக்கு அனுப்புறேன். போனை அவங்ககிட்ட குடுங்க அக்கா."

அனெசினாவுக்குச் சுருக்கென்று தைத்தது, தைக்கத்தானே வேண்டும். ஆனால் ஒரு மாசமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போனது அதைவிடப் பெரிதாக இருந்தது. அவளையறியாமல் சிரித்துவிட்டாள். போனை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

"இந்தா, உனக்குத்தான்."

"எனக்கா? எனக்கு எதுக்கு அண்ணி அந்தக் கருமம் புடிச்ச கல்லு?" என்றாள் மொஸ்கூலா. சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் ஏப்ரனில் அழுத்தித் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.