விரிசல் விழுந்த ரெக்கார்டு

பாட்டு விஷயத்தில் எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. இலங்கை மலைநாட்டில், அட்டனில் சொந்தமாக ஒலிபெருக்கி வைத்து வாடகைக்கு விடுகிறவன் நான். மாரியம்மன் திருவிழாவா, கல்யாணமா, சங்கக் கூட்டமா, எதற்கும் "மூக்கனைக் கூப்பிடு" என்பார்கள். நாதஸ்வரம், சினிமாப் பாட்டு, சிங்களத்து பைலா என்று என் காதில் விழாத சங்கதி கிடையாது. அதனால், ஐம்பத்தெட்டாம் வருடக் கிறிஸ்துமஸ் அன்று டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சுகிர்தம் என்கிற பெண் என் முன்னால் ஒரு ரெக்கார்டை நீட்டியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அன்று காலை, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே இருக்கும் சின்ன மாதா கோயிலில் பூசை முடிந்திருந்தது. சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம். குழாய் ஸ்பீக்கரைச் சவுக்கு மரத்தில் கட்டி, கார் பேட்டரியை மாட்டி, பாட்டுப் பெட்டிக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் வந்தாள். பழைய துணி ஒன்றில் சுற்றி, கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, இத ஒரு தடவ போடுறீங்களா?"

"என்ன பாட்டு தங்கச்சி?"

"பாட்டு இல்லண்ணே, வெறும் வாத்தியந்தான். வெள்ளக்காரப் பொண்ணுங்க கால் நுனியில நின்னு ஆடுவாங்களாம். அதுக்கு வாசிக்கிறதுன்னு தொரைசாணி சொல்லும்."

சுகிர்தம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஆயாவாக இருந்தவள். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் ராத்திரியும் விருந்து முடிந்ததும், துரைசாணி விளக்கைக் குறைத்துவிட்டு இந்த இசையைப் போடுவாராம். மொத்தம் ஐந்தாறு ரெக்கார்டுகள், ஒன்று முடிந்தால் அடுத்தது. சுகிர்தம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். போன மாதம் துரை குடும்பம் ஒரேயடியாக இங்கிலாந்துக்குக் கிளம்பியது. மூட்டை கட்டும்போது கை தவறி விழுந்து மற்றதெல்லாம் நொறுங்கிப்போக, கடைசி ரெக்கார்டு மட்டும் மிஞ்சியது. "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்று துரைசாணி சொன்னபோது இவள் அதைத்தான் கேட்டிருக்கிறாள். ஒரு கம்பளி கேட்டிருக்கலாம். அந்த மலைக் குளிருக்கு ஒரு கோட்டாவது கேட்டிருக்கலாம்.

லயமே அவளைப் பார்த்துச் சிரித்ததாம். அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. புருஷன் செபமாலை சிரிக்காததுதான் அவளை வருத்தியது. கொழுந்தைத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை பார்க்கும் மனிதர். அன்றிலிருந்து அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

"பத்து வருசமா கிறிஸ்மஸ் ராத்திரி நான் நேரத்துக்கு வீட்டுல இருந்ததில்லண்ணே. எல்லாரு வீட்டுலயும் பொம்பளைங்க இருக்காங்க, என் வீட்டுல மட்டும் இல்லன்னு அவரு சொல்வாரு. அப்படி அங்க என்னதான் இருக்குன்னு கேப்பாரு. நானும் வாயால பாடிக் காட்டுவேன். அத்தனையும் ஒரு வாயில எப்படிண்ணே வரும்? எச்சிச் சோத்துக்குக் காத்துக் கெடந்தேன்னு நெனச்சிட்டாரு. ஒரு தடவ அவரு காதுல விழுந்தா போதும்."

துணியைப் பிரித்துப் பார்த்தேன். விளிம்பிலிருந்து நடு வரைக்கும் ஒரு விரிசல். எனக்குச் சொல்லத்தான் மனசு வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"இது ஒரு தடவ ஓடுனாலே பெரிசு. ஊசி விரிசல்ல ஏறி ஏறி எறங்கும். அடுத்த தடவைக்குத் தாங்காது. பேசாம கொண்டு போயி பெட்டியில வையி. ஞாபகத்துக்காவது இருக்கும்."

அவள் விரிசல் மேல் ஒரு விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"பெட்டியில இருந்தா அவருக்கு எப்படிண்ணே கேக்கும்?"

ரெக்கார்டை வாங்கிக்கொண்டேன்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் ஒரு வார்த்தை கேட்டேன், பிறகு வம்பு வேண்டாமே என்று. "அதுல சாமிக்கு ஆகாத பேச்சு எதுவும் வருதா?" என்றார். பேச்சே கிடையாது என்றேன். "அப்ப குத்தமும் கெடையாது, போடுங்க" என்று சொல்லிவிட்டு மிட்டாய் டின்னைத் திறக்கப் போய்விட்டார்.

விஷயம் பரவிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கொழுந்தெடுக்கும் பேச்சியம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "கால் நுனியில நின்னு ஆடுறதா? அப்ப மலையில எக்கி எக்கி கொழுந்து எடுக்குற நாங்களும் ஆட்டக்காரிங்கதான்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். செபமாலை கூட்டத்துக்குப் பின்னால், கோயில் சுவரோரம், ஸ்டோர் கோட்டின் பைகளில் கையை விட்டுக்கொண்டு நின்றார். முகம் இறுகிக் கிடந்தது. சுகிர்தம் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

புது ஊசி மாட்டினேன். சாவியை முழுக்க முறுக்கினேன். மேலிருந்து பனிமூட்டம் இறங்கி எதிர் மலையை மறைத்துக்கொண்டிருந்தது. மெதுவாக ஊசியை வைத்தேன்.

முதலில் கரகரப்பு. அப்புறம் விரிசலின் 'டக்', 'டக்'. யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அதற்குள் அது வந்துவிட்டது.

வயலின்கள். ஒன்றோ பத்தோ இல்லை. ஒரு தோட்டத்துச் சனம் முழுக்க ஆளுக்கொரு வயலினோடு உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்தது போல இருந்தது. அதற்குள்ளிருந்து பெயர் தெரியாத மணி வாத்தியம் ஒன்று, தகரக் கூரையில் தூறல் விழத் தொடங்குவது போல, துளித்துளியாக வந்தது. பிறகு எல்லாம் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தன. சுற்றிச் சுற்றி மேலே ஏறின. இதற்கு மேல் ஏற இடமில்லை என்று நினைத்தேன். அதற்கு மேலும் ஏறின. எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. என் குழாய், நான் ஓட்டை ஒடிசல் என்று திட்டித் தீர்க்கும் அதே குழாய், அதற்குள்ளிருந்தா இது வருகிறது? கடவுளே, இத்தனை நாள் இது எங்கே இருந்தது? பங்களாவுக்குள் நாலு பேர் கேட்டுக்கொண்டு, இந்த மலையிலேயேதான் இருந்திருக்கிறது.

எதிர் மலை அதைத் திருப்பி அனுப்பியது. பனிக்குள்ளிருந்தும் யாரோ வாசிப்பதாகத் தோன்றியது. அந்தப் பக்கத்து லயத்தில் கதவுகள் திறந்து, சனங்கள் வெளியே வந்து நின்றார்கள். பேச்சியம்மா சிலுவை போடத் தெரியாதவள், கைகூப்பிவிட்டாள். பின்வரிசையில் நின்றவர்கள் பெட்டியைப் பார்ப்பதற்காக நுனிக்காலில் எக்கி நின்றார்கள்.

அப்போதுதான் ஊசி விரிசலில் மாட்டியது. ஒரே துண்டு இசை, திரும்பத் திரும்ப, ஏற முடியாமல் அதே படியில் நின்றது. சுகிர்தத்தின் முகம் வெளுத்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. என் விரலும் நீளவில்லை. தொட்டால் உடைந்துவிடுமோ என்று உறைந்து நின்றேன்.

"விட்டுறாதீங்க! மூக்கண்ணே, விட்டுறாதீங்க!"

கத்தியவர் செபமாலை. கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். நான் சாமியை வேண்டிக்கொண்டு ஊசித் தண்டை ஒரு நூலிழை நகர்த்தினேன். அது தாண்டியது. இசை விட்ட இடத்திலிருந்து மேலே போனது. பெரிய கொம்பு வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து, எங்கள் எல்லோரையும் தூக்கிக்கொண்டு போய், ஒரே அடியாக முடிந்தது. எதிர் மலை அந்த முடிவை இன்னொரு தடவை சொல்லி அடங்கியது.

யாரும் கைதட்டவில்லை. கைதட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"இன்னொரு வாட்டி போடுங்கண்ணே" என்றார் செபமாலை.

நான் ரெக்கார்டைத் தூக்கினேன். இரண்டாகப் பிரிந்து வந்தது. என் கையில் ஒரு பாதி, பெட்டியில் ஒரு பாதி. சுகிர்தம் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை, ரெக்கார்டைப் பார்க்கவும் இல்லை. புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய கண்கள்தான் நிறைந்திருந்தன.

"இதையா கேட்டுக்கிட்டிருந்த?" என்றார். "புள்ள, இத விட்டுட்டு நீ எப்படி வீட்டுக்கு வந்த?"

"இதோட கடைசிய நானும் இன்னைக்குத்தாங்க கேக்குறேன்" என்றாள் சுகிர்தம். "இந்தப் பிளேட்ட போடுறப்பவே வருசாவருசம் கெளம்பிருவேன். பாதிதான் பாதையில காதுல விழும். நீங்க சாப்புடாம ஒக்காந்திருப்பீங்களே."

செபமாலை என் கையிலிருந்ததையும் பெட்டியிலிருந்ததையும் எடுத்துத் துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தார். பிறகு கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார். ஓட்டப்பந்தயத்தை ஆரம்பிக்கச் சொல்லி உபதேசியார் விசில் ஊதினார். பிள்ளைகள்கூட உடனே ஓடவில்லை.