ஆண்டெனா இல்லாமல் வந்த கப்பல்கள்

ஆண்டெனாவை இன்னும் மாட்டவே இல்லை, அதற்குள் திரையில் பதினோரு கப்பல்கள் வந்து நின்றன. ஏற்காடு கடைவீதியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இர்பான் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டான்.

கப்பல்கள் தம் பெயரையும் இருக்கும் இடத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். அதைப் பிடித்துத் திரையில் புள்ளிகளாகக் காட்டும் பெட்டி ஒன்றை, உள்ளங்கையளவு கம்ப்யூட்டரை வைத்து அவனே செய்து, பரங்கிப்பேட்டையில் மீன்பிடிப் படகு ஓட்டும் அக்கா வீட்டுக்காரர் அப்துல் சமதுக்குக் கொடுத்திருந்தான். இப்போது மேஜையில் இருப்பது பக்கத்துப் படகுக்காரர் கேட்ட இரண்டாவது பெட்டி. முதலாவதை அப்படியே நகலெடுத்தது.

மலை மேல் கடலுக்கு எங்கே போவது? முதல் பெட்டியைச் சோதித்துப் பார்க்க, கடலூர் நண்பன் பதிவு செய்து அனுப்பிய பழைய சிக்னலைத்தான் ஓடவிட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஏனுங்க இர்பான், நம்ம ஏரியில கப்பல் வருதுங்களா?" என்று கடைக்கு வந்தவர்களெல்லாம் கிண்டலடித்தார்கள். காலித் திரையைக் காட்ட மானம் இடம் கொடுக்குமா? ஸ்விட்சைப் போட்டதும் பதிவு தானாக ஓடும்படி செய்துவிட்டான். ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. அந்தப் பெருமையில், அந்தப் பதிவை எடுக்காமலே பெட்டியைக் கொடுத்தனுப்பிவிட்டான், மகா புத்திசாலி.

சமது கடலுக்குப் போய் இரண்டு நாளாகிறது. செல்போன் எட்டாது. இருட்டில் அந்தத் திரையை நம்பிப் படகை விட்டால் என்ன ஆகும்?

கரையில் வயர்லெஸ் வைத்திருக்கும் குழந்தைவேலுக்கு ஒரு போன் போட்டால் போதும், படகுக்குச் சொல்லிவிடுவார். நம்பரும் கையில்தான் இருந்தது. ஆனால் துறைமுகமே சிரிக்குமே, அப்புறம் இந்தப் பெட்டியை யார் வாங்குவார்கள், அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். வெட்கங்கெட்ட யோசனைதான். இருந்தும் யோசித்தான்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா ஆஸ்மா டீயோடு வந்தாள்.

"நீ குடுத்த பொட்டி இருக்குதுன்னு மச்சான் இந்தத் தடவ நொம்ப தைரியமாப் போயிருக்காருடா."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஆஸ்மா அவனைத் திட்டக்கூட நிற்கவில்லை. போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரைப் போட்டு, குழந்தைவேலிடம் தானே பேசினாள்.

பத்து நிமிடத்தில் அவர் திரும்ப அழைத்தார். "பேசிட்டேம்மா, நல்லா இருக்காரு. மொத நாள் ராத்திரியே, திரையில இல்லாத கப்பல் ஒண்ணு உரசுற மாதிரி போச்சாம். அப்பவே பொட்டிய அணைச்சுட்டாராம். 'மச்சினனுக்கு மட்டும் தெரிய வேணாம், ஆசையாச் செஞ்சு குடுத்தான், மனசு ஒடிஞ்சுருவான்'னு சொன்னாரும்மா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஆஸ்மா வயிற்றைப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கடை தொறந்ததும்" என்றான்.

அவன் கடை திறப்பது ஒன்பது மணிக்கு. ஆஸ்மா சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு மணி நேரம்" என்றாள். அவன் தொடாத டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.