கல்லில் இல்லாத பெயர்

பக்கத்துவீட்டு வால்டர் சனிக்கிழமை மயூரனைத் தன் சொந்த ஊருக்குக் கூட்டிப்போனார். அங்கே நீதிமன்றத்துக்கு முன்னால், அமெரிக்க உள்நாட்டுப் போரில் டெக்சஸிலிருந்து அடிமைமுறையைக் காக்கப் போன காலாட்படை ஒன்றின் நினைவுக்கல் நிற்கிறது. வால்டரின் முப்பாட்டனார் அந்தப் படையோடு மூன்று வருடம் நடந்தவர். கடைசிக் குளிர்காலத்தில், பிள்ளைகள் பட்டினி என்று கடிதம் வந்ததும் துப்பாக்கியைப் போட்டுவிட்டு வீடு திரும்பினாராம். கல்லில் அவர் பெயர் இல்லை.

“அந்தப் படையிலேயே உருப்படியான காரியம் செய்தவர் அவர் ஒருவர்தான்” என்று வால்டர் சிரித்தார்.

மயூரனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் ஊரான ரிச்சர்ட்சனில் வருடாவருடம் மாவீரர் நாளுக்கு, இயக்கத்திலிருந்து செத்தவர்களின் படங்களை அடுக்குபவன் அவன்தான். ஐந்து வருடத்துக்கு முன் இந்திராதேவி அன்ரி மகன் சுலக்சனின் படத்தோடு வந்து நின்றார்.

“அவர் கடைசியிலை இயக்கத்தை விட்டிட்டு வந்தவரெல்லே அன்ரி, வைக்கேலாது.”

சுலக்சன் வந்தது பதுங்குகுழியில் பசியோடு கிடந்த தாயைத் தேடி. அவருக்குக் கஞ்சி வாங்கப் போன இடத்தில் ஷெல் விழுந்து செத்தான். அதெல்லாம் தெரிந்துதான் மயூரன் சட்டம் பேசினான், பெரிய மனுசன்! இந்தச் சித்திரையில் அன்ரியின் செத்தவீட்டிலும் முன்னுக்கு நின்றான்.

காரிலிருந்தே அன்ரியின் மகள் நிருஜாவை அழைத்தான்.

“இந்தமுறை சுலக்சன்ரை படத்தை வைப்பம் தங்கச்சி. கொண்டு வாரும்.”



“ஒவ்வொரு வருசமும் மாவீரர் நாளண்டைக்கு அம்மா என்னை டிரைவ் பண்ணச் சொல்லி, உங்கடை மண்டபத்துப் பார்க்கிங்கிலை படத்தை மடியிலை வைச்சுக்கொண்டு இருப்பா அண்ணா. உள்ளுக்கை பாட்டு முடிஞ்சாப்பிறகுதான் வீட்டை வருவா. அந்த ஒரு படம்தான் இருந்தது. அம்மாவின்ரை கையிலையே வைச்சு எரிச்சிட்டம்.”