பெப்பரின் பெட்டிக் கதவு

1
இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. பக்கத்து வீட்டு லைலும் அவன் மனைவி வெர்னாவும் போட்ட சண்டையிலிருந்து சுட்டது. போன ஜனவரியில் பூமா என்கிற மலைச்சிங்கத்தை வேட்டையாடத் தடம் தேடிப் போனவர்கள், பெப்பர் என்ற பெட்டை வேட்டைநாயை ஓநாய்களுக்குப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். அன்றிலிருந்து இருவரும் தனித்தனியாக வந்து என் வீட்டில் காபி குடிக்கிறார்கள். நான் அமெரிக்காவின் மொன்டானாவுக்கு வந்து இருபது வருடமாகிறது. காபித்தூள் இவ்வளவு வேகமாகத் தீர்ந்ததில்லை.

2
தொடக்கம்: வெள்ளிப் போர்வை போர்த்திய பிட்டர்ரூட் மலைகள் மௌனமாய்...

(அடித்துவிட்டேன். அந்தக் குளிரில் மூக்குதான் ஒழுகும், உவமை வராது.)

மறுபடியும். விடியும் முன்பே பனிப்பொழிவு நின்றிருந்தது. லைல் பிக்கப் வண்டியை ஊர்ந்தபடி ஓட்டினான். பாதையோரம் மலைச்சிங்கத் தடம், புத்தம் புதியது. பத்தடி தள்ளி, மரத்தடியில், ஓநாய்த் தடங்கள். அவற்றுக்குள் விரற்கடை அளவு பனி. ஓநாய்கள் பக்கத்தில் இருந்தால், மலைச்சிங்கத்தைத் துரத்த அவிழ்த்துவிடும் நாயை அவை கொன்றுவிடும்.

"தடத்துக்கு மேல பனி பெய்ஞ்சிருக்கு பாரு. நேத்து போனதுங்க. இந்நேரம் எல்லை தாண்டி ஐடஹோவுல இருக்கும்," என்றான் லைல்.

வெர்னா மேலே கை காட்டினாள். "அந்தக் கிளை மட்டும் பனியில்லாம மொட்டையா இருக்கே, அதப் பாரு. அதுலருந்து கொட்டின பனி. இப்பதான் போயிருக்குங்க."

"சீக்கிரம் வீட்டுக்குப் போக சாக்கு தேடுறியா?"

"உனக்குக் கண்ணாடி மாத்தணும், லைல்."

வண்டியின் பின்னால், நாய்ப் பெட்டிக்குள் பெப்பர் வாலால் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.*

* பெப்பருக்கு இடது காது கிழிந்திருக்கும். கதைக்கு அது தேவையில்லை. எனக்கு அந்தக் காதைப் பிடிக்கும்.

3
லைலை முதலில் முரட்டு முட்டாளாக எழுதினேன். ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். அவன் கோபப்படவில்லை.

"வானத்துலருந்து விழுந்த பனின்னு எழுதிடேன். ஒரு வரிதானே?"

ஆறடி மனிதன் ஒரு வரிக்குக் கெஞ்சுவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. எழுதிவிட்டேன்.

மறுநாள் வெர்னா வந்தாள். "ஓ, யார் மேலயும் தப்பில்ல, பெப்பர் சும்மா செத்தா, அப்படித்தானே? கிளைப் பனின்னு எழுது."

அதையும் எழுதினேன். வாசித்துக் காட்டியதும் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"இப்படி எழுதினா லைல்தான் அவள கொன்னான்னு ஆயிடுமே," என்றாள். "அடிச்சிரு."

4
முடிவு ஒன்று: லைல் பெட்டிக் கதவைத் திறக்கிறான். இது நடந்தது.

முடிவு இரண்டு, வெர்னா கேட்டது: திறக்கவில்லை. கண்ணாடிக் கடை எது நல்லது என்று சண்டை போட்டபடியே மூவரும் வீடு திரும்ப...

"இது பொய்யாச்சே," என்றேன்.

"நீ எழுதுறது பூரா பொய்தானே," என்றாள் வெர்னா. சிரிக்கப் பார்த்தாள், அழுதுவிட்டாள்.

அதனால் நான் இரண்டையும் எழுதப் போவதில்லை. லைலின் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. எந்தப் பனி என்று என்னைக் கேட்காதீர்கள். நீங்களே இறங்கி, கையுறையைக் கழற்றி அந்த ஓநாய்த் தடத்தைத் தொட்டுப் பாருங்கள். அவசரமே இல்லை. நீங்கள் பார்த்து முடிக்கும்வரை பெப்பர் உள்ளே வாலால் தட்டிக்கொண்டிருப்பாள்.