ஒரே பலகை

"உடையாமக் கழத்தணும் முஃபீது. ஒரு கீறல் விழக்கூடாது."

தாணுமாலயன் சொன்னதைக் கேட்டுக்கொண்டே முஃபீத் வெளியே பார்த்தான். பட்டறை வாசலில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று இழுவை வண்டியில் வந்து இறங்கியது. முன்பக்கம் நசுங்கி, விளக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று மூக்கில் போட்ட மாலைகூட வாடாத புதுசு. அதே கம்பெனி, அதே மாடல், அதே வெள்ளை. பழைய காரின் டாஷ்போர்டில் இருக்கும் தேக்குப் பலகையைக் கழற்றிப் புதுக்காரில் மாட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பழைய காரின் இடது இருக்கையில்தான் போன ஆனிச் சாரலில் தாணுமாலயனின் மனைவி நாச்சியாரின் உயிர் போயிருந்தது. புதுக்காரின் இடது இருக்கையில் இப்போது அவர்கள் மகள் ஸ்ரீவித்யா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தாளே தவிர இறங்கவில்லை. நசுங்கிய கார் நின்ற பக்கம் அவள் திரும்பவே இல்லை.

முஃபீத் தென்காசியில், இலஞ்சி போகிற சாலையில், கார்களுக்கு உள் அலங்காரம் செய்கிறவன். சீட் உறை, தரைவிரிப்பு, மரவேலை எல்லாம் உண்டு. காருக்குள் மரம் கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மரமே வேண்டாம், மரம் மாதிரி இருந்தால் போதும். வால்நட் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை ஒட்டிக் கொடுத்தால் அதைத் தடவித் தடவிப் பார்த்து, ஒரிஜினல் தேக்கு என்று மச்சினனிடம் அளந்து விடுவார்கள். முஃபீதும் வாயைத் திறக்க மாட்டான். அவனுக்கு என்ன வந்தது.

தாணுமாலயன் அந்த ரகம் இல்லை. பூர்வீக வீடு பாகப்பிரிவினையில் கைமாறி, வாங்கியவர் அதை இடித்தபோது, தலைவாசல் நிலையின் மேல்கட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அதை அறுவை மில்லில் கொடுத்து, நீளவாக்கில் கீறி, மெல்லிய பலகையாக்கி எடுத்துவந்தார். அந்தப் பழைய கார் வாங்கிய புதிதில், முஃபீத் பரப்பி வைத்த மாதிரிகளை எல்லாம் ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, "இத வை" என்றார்.

முஃபீத் பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தேன் நிறம். ரேகைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடின, நடுவில் ஒரு முடிச்சுகூட இல்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பலகை அவன் கைக்கு வந்ததில்லை.

"நல்ல மரம் அண்ணாச்சி. ஆனா இடப்பக்கம் ஏர்பேக் இருக்கு. அது மூடிக்கு மேல மரம் வரக்கூடாது. அங்கன மட்டும் அறுத்து விட்டுருதேன்."

"அறுக்கப்பிடாது. நீளத்துக்குக் கீறலாம், குறுக்க அறுக்கப்பிடாது. நிலையக் குறுக்க அறுத்தா குடும்பம் ரெண்டாப் போயிரும்னு எங்க வீட்டுல சொல்லுவாவ."

"பை விரியணும்லா அண்ணாச்சி."

"விரியணும்னா மோதணும். நான் என்னைக்கு நாப்பதத் தாண்டி ஓட்டியிருக்கேன்?"

நாச்சியார் பக்கத்தில் நின்று சிரித்தார். "இவிய ஓட்டுத ஓட்டத்துக்குச் சைக்கிள்காரன் பெல் அடிச்சுட்டு முந்திப் போறான் தம்பி." பிறகு கேட்டார், "ஆமா, அது என்ன பை? அது இல்லேன்னா என்ன ஆவும்?"

அங்கேதான் முஃபீத் சொல்லியிருக்க வேண்டும். பை விரிகிற வேகத்தில் அதன் மேல் இருப்பது எதுவானாலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல் பாயும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் அந்த அம்மாள் வேண்டாம் என்பார், இவர் பலகையைத் தூக்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விடுவார். அந்தப் பலகை முஃபீதின் கைக்குப் பிடித்துப்போய்விட்டது. அதை விட அவனுக்கு மனமில்லை.

"சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான் அக்கா" என்றான்.

ஒரே பலகையாக, முனையிலிருந்து முனைவரை மாட்டினான். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அசந்துபோனார்கள். நாச்சியார் வீட்டு நிலைக்கு வைத்ததைப் போலவே வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார். தம் இருக்கைக்கு நேர் எதிரே, பையின் மூடி இருக்கிற இடத்தில்.

ஐந்தருவி சாலையில், சாரல் தூறிக்கொண்டிருந்தபோது, குறுக்கே வந்த ஆட்டோவுக்காகத் தாணுமாலயன் வண்டியை ஒடித்தார். கார் பாலத்துச் சுவரில் முட்டியது. வேகம் ஒன்றும் பெரிதில்லை. அவருக்கு மூக்கில் சிராய்ப்பு. நாச்சியாருக்குக் கழுத்தில் அடி. பெல்ட் போட்டிருந்தும் போய்விட்டாளே, விதி இப்படியா வரும் என்று ஊர் பேசியது. துக்கம் கேட்கப் போய், துஷ்டி வீட்டில் ஓரமாக நின்றிருந்த முஃபீத், கழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் யாரிடமும் சொல்லாமல் வெளியேறினான். அதற்குப் பிறகு நல்ல தூக்கம் இல்லை. கார் பழைய இரும்புக்குப் போயிருக்கும், அதோடு போகட்டும் என்று மனதைத் தேற்றிவைத்திருந்தான். இப்போது அந்தக் காரே வாசலில் வந்து நின்றது.

"பாத்தியா?" தாணுமாலயன் குனிந்து உள்ளே காட்டினார். "வண்டியே நசுங்கிட்டு. பலகை ஒடையல."

உடையத்தான் இல்லை. இடப்பக்கம் மாட்டியிருந்த ஊக்குகள் எல்லாம் பிய்ந்து, பலகை இருக்கையை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது. பாதி விரிந்த பை அதற்குப் பின்னால் கந்தல் துணியாகக் கிடந்தது. பலகையின் விளிம்பில் பழைய குங்குமம் இருந்தது. குங்குமம் இல்லாத வேறொரு கறையும் இருந்தது. முஃபீத் கண்ணை எடுத்துக்கொண்டான்.

"புதுசுலயும் அதே மாதிரி மாட்டிரு. அறுக்காம" என்றார்.

வலப்பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பலகையை உள்ளே எடுத்துப் போனான். மேசையில் கிடத்தி, ஈரத் துணியால் துடைத்தான். மாட்ட முடியாது. மாட்டினால் அந்தப் பிள்ளையையும் கொண்டுபோய் அதே இடத்தில் உட்கார வைத்ததாகும். மாட்ட மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்.

வாள் மேசையிலேயே இருந்தது. சுவிட்சைப் போட்டான். பலகை நடுவில் இரண்டாகப் போனது. அறுந்து விழுந்த சத்தம் கேட்டபோது அவனுக்கு மூச்சு வந்தது. மரத்தைக் கெடுத்த பழியோடு போகட்டும். நாலு பேர் பார்க்க அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

"அண்ணாச்சி, கை தவறிட்டு" என்று இரண்டு துண்டுகளையும் நீட்டினான். "ஓரம் சரி பண்ணப் போனேன், வாள் இழுத்துட்டு. மன்னிச்சிருங்க."

தாணுமாலயன் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு துண்டுகளையும் மடியில் வைத்து, வெட்டுவாய் இரண்டையும் பொருத்திப் பார்த்தார்.

"செங்கோட்டையில ஒரு ஆசாரி இருக்காரு" என்றார் மெதுவாக. "பின்னால இரும்புத் தகடு வச்சு ஒட்டிருவாரு. தடமே தெரியாது. போட்டும், நீ வேணும்னா செஞ்ச?"

மரத்தோடு இப்போது இரும்பும் சேரப் போகிறது. அவர் துண்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்து, புதுக்காரின் பக்கம் நடந்தார். முஃபீத் பின்னாலேயே ஓடினான்.

"ஒட்டாதீங்க அண்ணாச்சி."

"ஏன்?"

"வேணும்னுதான் அறுத்தேன்."

அவர் நின்றார்.

"இந்தப் பலகைதான் அக்காவ..." அவன் துண்டுகளைக் காட்டினான். "பை பின்னால இருந்து தள்ளுச்சு. பலகை பாய்ஞ்சிட்டு. மாட்டும்போதே எனக்குத் தெரியும். அக்கா கேட்டாவ. நான் சொல்லல."

இறக்கியிருந்த கண்ணாடிக்குள் ஸ்ரீவித்யாவின் தலை திரும்பியது. முஃபீத் அவளைப் பார்க்கத் துணியவில்லை. தாணுமாலயன் சட்டையைப் பிடிப்பார் என்று காத்து நின்றான்.

"எனக்குத் தெரியும்" என்றார் தாணுமாலயன்.

"என்ன அண்ணாச்சி?"

"ஆஸ்பத்திரியிலயே தெரியும். கட்டையால யாரும் அடிச்சாவளான்னு டாக்டர் கேட்டாரு."

"பின்ன எதுக்கு மறுபடியும் மாட்டச் சொல்லுதீய?"

அவர் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மாட்டாம விட்டா என்ன அர்த்தம்? நான் அறுக்கப்பிடாதுன்னு சொன்னதுலதான் அவ செத்தான்னு அர்த்தம். இதே பலகைய மாட்டி, இதே மாதிரி பத்து வருசம் ஓட்டி, ஒண்ணும் ஆவலேன்னா, அன்னைக்கு வேற என்னமோன்னு நெனைச்சுக்கிடலாம்லா."

முஃபீதுக்கு அவர்மேல் கோபம் வந்தது. வந்த கோபம் அப்படியே தன்மேல் திரும்பியது. வாளைப் போட்டபோது, தன் தப்பை மறைக்க அவன் செய்ததும் இதே காரியம்தானே.

கார்க் கதவு திறந்தது. ஸ்ரீவித்யா இறங்கி வந்து அப்பாவின் முன்னால் நின்றாள். அழுகை இல்லை. முகம் வெளுத்திருந்தது.

"அந்தப் பத்து வருசமும் அங்க யாருப்பா உக்காந்திருப்பா?"

தாணுமாலயன் அவளையும் புதுக்காரின் இடது இருக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் அதை யோசித்ததே இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. தம் பழியைத் தாமே சுமந்துகொண்டு ஓட்டப்போவதாகத்தான் அத்தனை நாளும் நினைத்திருந்திருக்கிறார்.

அவள் முஃபீதிடம் திரும்பினாள்.

"எங்கம்மா கேட்டாங்களா? அது என்னன்னு?"

"கேட்டாவம்மா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் சொன்னான். அதே வார்த்தைகளை, ஒன்று விடாமல். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். திரும்பிப் போய், திறந்து கிடந்த முன்கதவைச் சாத்திவிட்டு, பின்கதவைத் திறந்து பின்னால் ஏறிக்கொண்டாள்.

தாணுமாலயன் துண்டுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றார். பட்டறையிலேயே போட்டுவிட்டுப் போவார் என்று முஃபீத் நினைத்தான். அவர் வண்டிக்குள் ஏறி, இரண்டையும் இடது இருக்கையில் கிடத்தினார். வண்டியைக் கிளப்பியதும் கிணிங் கிணிங் என்று மணி அடிக்க ஆரம்பித்தது. இருக்கையில் கனம் தெரிந்தால் பெல்ட் போடச் சொல்லி அடிக்கிற மணி. ஆளா பலகையா என்று அதற்குத் தெரியாது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்ரீவித்யா பின்னாலிருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தாணுமாலயன் எட்டி அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்தார். இரண்டு துண்டுகளையும் சேர்த்து அணைத்துப் பூட்டினார். மணி நின்றது.

எப்போதும்போல மெதுவாகத்தான் ஓட்டிப் போனார்.