ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் பஸ்கள்

மாரிச்செல்வி ஏறிய பஸ் எதுவும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நிற்காமல் போனதில்லை. மதுரை பஸ்ஸானாலும் மினி பஸ்ஸானாலும் தானாக நின்றுவிடும். இன்ஜின் உறுமும், சக்கரம் உருளாது. அவள் இறங்கியதும் கிளம்பும். டெப்போவில் ஒரு வண்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். பழுது ஒன்றுமில்லை என்று திரும்ப மாட்டிவிட்டார்கள்.

தோழி சந்தனம் இறந்த மறுவாரம் தொடங்கியது இது. இருவரும் ராஜபாளையத்தில் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள். இருவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது, மாத்திரை வாங்க ஒன்றாகவே வருவார்கள், மாத்திரையின் புண்ணியத்தில் நன்றாகத்தான் இருந்தார்கள். சந்தனத்தைக் கொண்டுபோனது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இடையிடையே ரத்தம் பட்டதை வெட்கப்பட்டு அவள் யாரிடமும் சொல்லவில்லை. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு என்பதும், முன்கூட்டியே பார்த்தால் தடுத்துவிடலாம் என்பதும் எல்லாம் முடிந்த பிறகுதான் நர்ஸ் சொல்லி மாரிச்செல்விக்குத் தெரிந்தது. அழுது முடித்து, அன்றைக்கே தானும் பரிசோதனை செய்துகொண்டாள்.

அதன்பின் லீவு நாளெல்லாம் அவளுக்கு இதுவே வேலை. மாத்திரை வாங்க வரும் பெண்களை வன்னியம்பட்டியிலிருந்தும் மடவார் வளாகத்திலிருந்தும் அந்தப் பரிசோதனைக்குக் கையோடு கூட்டிவந்தாள். யாருடைய நோயும் அவள் வாயிலிருந்து வெளியே வந்ததில்லை. பஸ்ஸில் கேட்டால், சொந்தக்காரியைப் பார்க்கப் போவதாகச் சொல்வாள். நாளடைவில் ஊரில் பாதி அவளுக்குச் சொந்தமாகிவிட்டது.

ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அசீனா மட்டும் மசியவில்லை. "ஒண்ண மறைக்கவே உசிரு போகுது. இன்னொண்ணத் தேடிப் போகச் சொல்றியளா, அக்கா?"

"வாரதுக்கு முன்னாலயே தெரிஞ்சிரும்ட்டி. செத்த நேர வேலை."

அசீனா பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒரு வைகாசிக் காலை, கிருஷ்ணன்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போக அசீனா ஏறிய பஸ்ஸில் மாரிச்செல்வியும் இருந்தாள். பஸ் வழக்கம்போல் வாசலில் நின்றது. கண்டக்டர் சிவனாண்டி கதவைத் திறந்துவிட்டார். அசீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "என்னைய மடக்கத்தான இதுல ஏறுனிய?" என்றாள்.

"நீ இருக்கன்னே எனக்குத் தெரியாது. நான் இறங்குனா வண்டி போயிரும். வாரதும் வராததும் உன் இஷ்டம்."

மாரிச்செல்வி இறங்கினாள். பஸ் போயிற்று. மனம் கனக்கத் திரும்பி நடந்தவளுக்குத் தெருமுனையில் விசில் கேட்டது. விசில் சத்தத்துக்கு, எல்லா பஸ்ஸும் நிற்பதைப் போலவே, அது நின்றது. பட்டுச்சேலை தரையில் புரள அசீனா நடந்து வந்தாள்.

"எம் மக சப்ரீன் இன்னும் பத்தாவதே முடிக்கலை, அக்கா," என்றாள். சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குள் நடந்தாள்.

கர்ப்பப்பை வாயில் மருந்து தடவிப் பார்த்ததில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. புற்றுநோய் இல்லை, விட்டுவைத்தால் ஆகக்கூடியது என்றார் டாக்டரம்மா. சூடு வைத்து அங்கேயே அகற்றினார்கள். மாரிச்செல்வி அசீனாவின் கையை விடவேயில்லை. கடைசிப் பந்திக்கு அசீனா போய்ச் சேர்ந்துவிட்டாள். மறுவருடப் பரிசோதனையில் திட்டு இருந்த இடம் சுத்தமாக இருந்தது.

இப்போது அசீனாவும் பெண்களைக் கூட்டி வருகிறாள். அவள் ஏறும் பஸ்களும் அங்கே நிற்கின்றன. டிரைவர்கள் யாரும் எதுவும் கேட்பதில்லை. ராஜபாளையத்தில் மதுரைக்கு பஸ் ஏறுகிறவர்கள் அதற்குத் தகுந்தாற்போல் சற்று முன்னதாகவே வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள்.