தீரே

"இன்னிக்கும் செத்துட்டா உங்க முதுகுக்காரி!" என்று சலோமி கன்ட்ரோலரைக் கட்டிலில் போட்டாள். பக்கத்து நாற்காலியில் தலையணையை முட்டுக் கொடுத்து உட்காரவைத்திருந்த அவள் புருஷன் லூர்துநாதன் டிவியைப் பார்க்கிறாரா சுவரைப் பார்க்கிறாரா என்றே தெரியவில்லை.

முதுகுக்காரி என்பது அவள் வைத்த பெயர். பாரிசில் இருக்கும் கொழுந்தன் கொண்டுவந்து கொடுத்த பழைய பிரெஞ்சு வீடியோ கேம் அது. தோளில் பையும் கையில் துப்பாக்கியுமாக ஒருத்தி பாழடைந்த கோட்டை, குகை என்று புகுந்து அந்தக் காலத்துப் புதையலைத் தேடுவாள். விளையாடுகிறவர் அவள் பின்னாலேயே போக வேண்டும். மகராசி ஒருநாளும் மூஞ்சியைக் காட்டியதில்லை. ரிட்டயர் ஆனதிலிருந்து லூர்துநாதனுக்குச் சாயங்காலமானால் இதே பொழுதுதான். "கட்டுன பொண்டாட்டி மூஞ்சியப் பாக்க நேரமில்ல, எவளோ ஒருத்தி முதுகப் பாத்துக்கிட்டுக் கெடக்குறீங்க" என்று சலோமி கரித்துக்கொட்டாத நாளில்லை. அவரும் ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுப்பார். அப்படி ஒரு வாயாடி மனுஷன்.

தவக்காலத்தில் ஒருநாள் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஈஸ்டருக்குள் கால் கொஞ்சம் தேறியது. "பேச்சும் வரலாம்மா. ஆனா அவரு முயற்சி பண்ணணும்" என்றார் டாக்டர். அவர் எங்கே முயற்சி பண்ணினார்? ஆரம்பத்தில் என்னவோ குழறினார். பார்க்க வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் தலையாட்டியதைக் கண்டதும் வாயை மூடியவர்தான். அந்த அமைதிதான் சலோமியைக் கொன்றது. வீட்டில் குக்கர் விசில் தவிர வேறு சத்தமில்லை. தேற்றரவு மாதா கோயிலில் முழங்கால் போட்டு, "ஒரு வார்த்தை தாயே, ஒரே ஒரு வார்த்தை" என்று அழுதுவிட்டு வருவாள்.

"சாருக்குப் புடிச்ச கேமக் குடுங்கக்கா, விரலுக்கும் வேலை ஆச்சு" என்று சொன்னது பிசியோதெரபிக்கு வரும் வினோதா. சலோமி கொடுத்தாள். அவர் இடதுகையால் தள்ளிவிட்டார். வந்ததே கோபம் அவளுக்கு! "நீங்க வெளயாடாட்டிப் போங்க. உங்க ஆள நானே சாவடிக்கிறேன்" என்று உட்கார்ந்தவள், அன்றிலிருந்து தினமும் சாகடித்துக்கொண்டிருக்கிறாள்.

அவர் விட்டுப்போன இடம் ஒரு கல் அறை. நடுவில் கல்சிங்கம், அதன் வாயில் ஓர் இரும்பு வளையம். உள்ளே போனதும் கதவு மூடிக்கொண்டு கூரையிலிருந்து மணல் கொட்டும். திரையின் அடியில் ஒற்றைப் பிரெஞ்சு வார்த்தை வரும்: தீரே. சலோமியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சண்டைக் கதை சொல்லும்போதெல்லாம் விளக்குமாற்றைத் தோளில் வைத்துக்கொண்டு "தீரே! தீரே!" என்று கத்துவார். தீரே என்றால் சுடு. இதுகூடத் தெரியாதா பட்டாளத்துக்காரர் மகளுக்கு? சிங்கத்தின் கண்ணில் சுட்டாள், நெற்றியில் சுட்டாள். சிங்கம் அசையவில்லை. மணல் கழுத்துவரை ஏறி முதுகுக்காரிதான் செத்தாள்.

"தீரேங்குறான், சுடுறேன். இன்னும் என்னதான் செய்யணுமாம் இந்த எழவுக்கு?" என்று முனகிக்கொண்டே சலோமி மறுபடி கன்ட்ரோலரை எடுத்தாள்.

கதவு மூடியது. மணல் கொட்டியது. முழங்கால்வரை வந்துவிட்டது. அவள் சிங்கத்தைச் சுட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. மணல் இடுப்புக்கு ஏறியது.

"இ..."

இருமுகிறார் என்று நினைத்தாள்.

"இழு..."

சலோமி மெல்லத் திரும்பினாள். லூர்துநாதன் முகம் சிவந்து, கோணிய வாயோரம் எச்சில் வழிய, டிவியை நோக்கி இடதுகையை ஆட்டினார்.

"இழு! வளை... இழுடி!"

திரையில் முதுகுக்காரி செத்துப்போனாள். அவளை யார் பார்த்தார்கள்? பாரிசில் தம்பியின் கடைக்குப் போன புதிதில், கண்ணாடிக் கதவில் 'தீரே' என்று எழுதியிருக்க, அதைத் தள்ளித் தள்ளி மூக்கை உடைத்துக்கொண்ட கதையை அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! சுடு என்பதும் அதுதான், இழு என்பதும் அதுதான். ஒரே வார்த்தை. அப்பா வாயில் துப்பாக்கி, புருஷன் வாயில் கதவு.

"ஐயோ, என் மாதாவே!" என்று அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. அவருக்கோ அழுவதற்கெல்லாம் நேரமில்லை. தாடையை ஆட்டித் திரையைக் காட்டினார்.

மறுபடி அறை, மறுபடி மணல். சலோமி முதுகுக்காரியைச் சிங்கத்தின் வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள். இழுக்கிற பொத்தான் எதுவென்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றது. ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். நாற்காலி விளிம்புக்கே வந்திருந்தார்.

விரலை எடுத்தாள். சிங்கத்தின் மூக்கைக் குறிபார்த்து, ஆற அமரச் சுட்டாள்.

லூர்துநாதன் இடதுகையை ஊன்றிப் பாதி எழுந்தார், வாயைத் திறந்தார்.